ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் யானைக் கதையைக் கொடுக்கலாமா?

எட்டாயிரம் ரூபாய். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒரு காலத்தில் படித்துவிட்டு இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர், "பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் புக் வாங்கிக் கொடுங்க சார்" என்று அனுப்பிய பணம். வாங்குவது சுலபம் என்றுதான் நினைத்தேன். என்ன வாங்குவது என்று முடிவு செய்ய மூன்று மாதம் ஆனது, அதற்குள் நானும் அக்காவும் இரண்டு முறை சண்டை போட்டுக்கொண்டோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, பாகூர் பக்கத்தில் சிறப்பு ஆசிரியராக இருப்பவர், எங்கள் வகுப்புக்கு வாரம் தவறாமல் பஸ் பிடித்து வருகிறவர்.

வகுப்பில் பன்னிரண்டு பேர், எல்லோரும் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள். ஆறு பேருக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் தடுமாற வைக்கும் கற்றல் சிரமம். அதில் நாலு பேருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது, மற்ற இரண்டு பேருக்கு நாங்களாக ஊகித்தது. ஒருத்திக்குப் பார்வை குறைவு, ஒருத்திக்குக் காது கேட்காது, இரண்டு பையன்களுக்கு ஆட்டிசம், மீதி இருவர் எதையும் மெதுவாகத்தான் பிடிப்பார்கள், ஆனால் பிடித்தால் விடமாட்டார்கள். இன்னொரு சிக்கல், கடலூர் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பது சமச்சீர் புத்தகம், மாநில எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கம் கன்னியகோவில், கிருமாம்பாக்கத்திலிருந்து வருகிறவர்கள் படிப்பது சிபிஎஸ்இ, ஏனென்றால் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகள் 2023-24இல் தொடங்கி அதற்கு மாறிவிட்டன. பஸ்ஸில் அரை மணி நேர தூரம், பாடத்தில் வேறு நாடு.

முதலில் நடந்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் வருவதற்கு முந்தைய வருடம் யாரோ கொடுத்த ஒரு மூட்டைப் படப் புத்தகங்கள் இருந்தன. தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பு, மேலுதட்டில் மீசை அரும்பியிருக்கும், அப்பாவோடு கடலுக்குப் போய் வலை இழுத்த கை. அவனுக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துச் சொற்கள்தான் தடுமாறாமல் வரும். ஆகவே யானை ஒன்று தும்மிக்கொண்டே இருக்கும் ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன், பக்கத்துக்கு ஒரு வரி. அவன் வாங்கினான், மேசையில் வைத்தான், மேலே அட்லஸை எடுத்து மூடினான். பக்கத்துப் பெஞ்சில் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. எளிமை வேறு, குழந்தைத்தனம் வேறு என்பது எனக்கு அந்த அட்லஸைப் பார்த்துத்தான் புரிந்தது. சொல் கடினமாக இருந்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்து இறக்கிவிடலாம், கதை நாலு வயசுக்கானது என்றால் அதைப் பதினாலு வயசுக்கு ஏற்ற யாராலும் முடியாது.

ஆங்கிலம் ஏன் இவர்களுக்கு இவ்வளவு படுத்துகிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி வந்துவிடும், 'க' இடத்துக்கு ஏற்ற மாதிரி ஒலி மாறினாலும் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலி. த்ரூ, தோ, டஃப், காஃப், நாலு சொல்லுக்கும் கடைசி நாலு எழுத்து ஒன்றேதான், ஓ-யூ-ஜி-எச், ஒலி மட்டும் நாலு. தமிழில் எப்படியோ சமாளித்து வந்த பிள்ளை ஆங்கிலத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான், சோம்பேறித்தனத்தால் இல்லை. "இவங்களுக்கு எதுக்கு சார் கதைப் புத்தகம், முப்பத்தஞ்சு வந்தா போதாதா" என்று ஒரு தலைமை ஆசிரியர் என்னிடம் கேட்டார். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். முப்பத்தைந்து வருவதற்கே முதலில் படிக்க ஆசை வர வேண்டும் என்று பதில் சொல்ல நினைத்து, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

வெளிநாட்டில் இதற்கென்றே அச்சடிக்கிறார்கள். எடின்பரோவில் 1998இல் தொடங்கிய பாரிங்டன் ஸ்டோக் என்ற பதிப்பகம் பெயர் பெற்றது. வெள்ளைத் தாளுக்குப் பதில் மங்கிய மஞ்சள் தாள், எழுத்துக்கும் வரிக்கும் நல்ல இடைவெளி, சின்ன அத்தியாயங்கள். பதினான்கு வயதுக்கான கதையை எட்டு வயது வாசிப்புத் திறனுக்கு எழுதுவது, இதை அங்கே ஹை-லோ என்கிறார்கள். நான் தேடியது அப்படியே இதுதான். ஒரு நண்பர் மூலமாக மாதிரிக்கு இரண்டு வாங்கிப் பார்த்தோம். எழுத்தமைப்பு அருமை, பையன்கள் வரி தவறாமல் படித்தார்கள். ஆனால் பள்ளி முடிந்தும் உட்கார வைக்கும் தண்டனை, பனியால் லீவு, அடுக்குமாடியில் தனியாக வாழும் அப்பா, இதையெல்லாம் விளக்குவதிலேயே பாதி நேரம் போனது. அந்தப் புத்தகங்களில் கறுப்பினப் பிள்ளைகளும் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களும் வருகிறார்கள், அங்கே பலதரப்பட்ட மனிதர்கள் என்றால் அதுதான், அவர்கள் ஊருக்கு அது சரியே. நம் பிள்ளைக்கு எல்லோருமே தூரத்து மனிதர்கள். தூரமும் சில சமயம் உதவும், அதை அப்புறம் சொல்கிறேன். விலைதான் ஒத்துவரவில்லை, அந்த ஒன்றின் விலையில் இங்கே மூன்று வாங்கலாம். வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம், ஆனால் அதன் வடிவமைப்பைத் திருடிக்கொண்டோம்.

திருடியது இப்படி. எந்தப் பாடமாக இருந்தாலும் நானே தட்டச்சு செய்து, எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு நடுவில் நிறைய இடம் விட்டு, இடது ஓரம் மட்டும் நேராக வைத்து, வெளிர்மஞ்சள் தாளில் ஜெராக்ஸ். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீளமாகச் சன்னல் வெட்டி ஒவ்வொருவருக்கும் ஒன்று. அந்த அட்டைக்குச் செலவு இல்லை, ஆனால் எட்டாயிரத்தில் வாங்கிய எதையும் விட அதுதான் அதிகம் புழங்குகிறது. பார்வை குறைந்த பெண்ணுக்கு ஏ4 பக்கத்தை ஏ3 ஆக்கினால் எழுத்து 1.41 மடங்காகும், 12 புள்ளி ஏறக்குறைய 17 ஆகிவிடும், அவளுக்கு அது போதும். புத்தகத்தை இப்படிப் பெரிதாக்கிக்கொள்வது தப்பா என்று ஒரு பெற்றோர் பயந்து கேட்டார். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளி படிப்பதற்காக லாப நோக்கமில்லாமல் செய்யும் இந்த வேலைக்கு இடம் கொடுக்கிறது. பார்வையற்றவர்களுக்காக சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் 2016 முதல் இருக்கிறது, பள்ளிக்கூடங்களில் பல பேருக்கு அது தெரிவதே இல்லை.

அடுத்தது, கைக்கு எட்டுகிற விலையில் எங்கும் கிடைப்பது: சுருக்கப்பட்ட பழைய ஆங்கில நாவல்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதையில் குவித்து வைத்திருப்பார்கள், பேரம் பேசினால் முப்பது நாற்பதுக்குக் கூட வரும். என் கணக்கில் இதுதான் இருப்பதிலேயே மோசமான முதலீடு. கதையை வெட்டியிருக்கிறார்கள், வாக்கியத்தை வெட்டவில்லை. நாலு வரிக்கு ஓடும் ஒரே வாக்கியம், அதில் மூன்று பேர் பெயர், ஒருவரும் நம்மவர் இல்லை, பெரும்பாலும் கப்பலில் போகும் வெள்ளைக்காரப் பையன்கள். அதுவும் பல பதிப்புகளில் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி. பெற்றோருக்கு மட்டும் இது ரொம்பப் பிடிக்கும், பெயர் கேள்விப்பட்டதாயிற்றே.

பாடப்புத்தகத்தை நான் முதலில் ஒதுக்கினேன், அக்காதான் திட்டினார். "அதுல இருக்கிறத ஒழுங்கா பாத்தீங்களா?" பார்த்தேன். சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கும் என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு பீஹைவ் புத்தகத்தில் ஈவ்லின் கிளெனி பற்றிய பாடம் இருந்தது, காது கேட்காத ஸ்காட்லாந்துத் தாளக் கலைஞர், மர மேடையில் செருப்பில்லாமல் நின்று பாதம் வழியாக அதிர்வைக் கேட்கிறவர். சமச்சீர் பத்தாம் வகுப்பில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் தொழில்நுட்பத்தைக் கையாள்வது பற்றி ஓர் உரைநடை. என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பு விஸ்டாஸ் புத்தகத்தில் நம் எழுத்தாளர் பாமாவின் சின்ன வயசு நினைவு, ஒரு பொட்டலத்தை நூலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் பெரியவரைப் பார்த்து முதலில் சிரித்து, அப்புறம் தீட்டுதான் காரணம் என்று தெரிந்து கொதித்தது. இதெல்லாம் பிள்ளைகள் கையில் ஏற்கெனவே இருந்தது, அல்லது தெருவில் ஓர் அண்ணன் அக்காவிடம் இருந்தது, காசு வேண்டாம்.

ஈவ்லின் பாடத்தைப் படித்த நாளைச் சொல்ல வேண்டும். பத்தியைப் பத்தியாகப் படிக்கவில்லை, எட்டு வாக்கியமாகக் குறைத்து எழுதிக்கொண்டு போனேன். எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, நீள பெஞ்சின் ஒரு முனையில் ஒருவன் தாளம் தட்ட, மறு முனையில் மற்றவர்கள் கண்ணை மூடிக் கையை வைத்தார்கள். காது கேட்காத பெண் எல்லோருக்கும் முன்னால் விரலைத் தூக்கினாள், ஒவ்வொரு தட்டுக்கும். அப்புறம் சைகையில் என்னவோ சொன்னாள், அக்கா சொன்னார்: திருவிழாவில் மேளம் வரும்போது இவளுக்கு நெஞ்சுக்குள் தெரியுமாம், மேளம் தெரு திரும்புவதை வீட்டில் இவள்தான் முதலில் சொல்வாளாம். அன்றைக்கு 'வைப்ரேஷன்' என்ற சொல்லை ஒரு பயலும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதவில்லை, ஆனால் இன்றுவரை ஒருவரும் மறக்கவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பாடத்தில் வரும் மாற்றுத்திறனாளி எப்போதும் ஒரு சாதனையாளராகவே இருக்கிறார். தங்கப் பதக்கம், உலகப் புகழ், விடாமுயற்சி. பிள்ளைகள் ரெண்டு பாடத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள். "நான் சும்மா இருந்தா தப்பா சார்?" என்று ஒருவன் கேட்டே விட்டான். மாற்றுத்திறனாளி ஒருவர் கதையில் வந்து, மாங்காய் திருடி, தம்பியோடு சண்டை போட்டு, அதற்காக யாராலும் பாராட்டப்படாமல் வீட்டுக்குப் போகும் கதைதான் அபூர்வம். புத்தகம் பார்க்கும்போது நான் இப்போது அதைத்தான் தேடுகிறேன்.

படப் புத்தகம் என்றதும் யானை ஞாபகம் வந்து நான் வேண்டாம் என்றேன், அக்கா வேண்டும் என்றார், முதல் சண்டை அதுதான். சென்னையில் 1990களில் தொடங்கிய தூலிகா, தாரா என்ற இரண்டு பதிப்பகங்களையும் அக்கா நன்றாக அறிவார், அதிலும் தூலிகாவில் ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் வரும் புத்தகங்கள் உண்டு. அவர் எடுத்து வைத்தது மகாஸ்வேதா தேவி எழுதிய 'தி ஒய்-ஒய் கேர்ள்'. மொய்னா என்ற சபர் பழங்குடிச் சிறுமி, ஆடு மேய்க்கிறவள், எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவள், வேலை கொடுக்கும் வீட்டு மிச்சத்தை நான் ஏன் சாப்பிட வேண்டும் என்பது வரைக்கும். படம் இருக்கிறது, சொல் குறைவு, ஆனால் கேள்வி குழந்தைத்தனமானது இல்லை. எங்கள் வகுப்பில் இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பெண் ஒருத்தி இருக்கிறாள், பேசவே மாட்டாள். மொய்னா நண்டு பிடித்துச் சமைத்துச் சாப்பிடுவதைப் பற்றிப் பேசும் இடத்தில் நிறுத்தி, "எங்க வீட்டுலயும்" என்றாள். ஆங்கிலத்தில் இல்லை, தமிழில்தான், அதனால் என்ன. நான் தோற்றுப்போனேன். ஆக படப் புத்தகம் குற்றமில்லை, படத்துக்குள் இருக்கும் ஆளின் வயசுதான் விஷயம். இருமொழிப் பக்கத்தில் ஒரு தொல்லையும் உண்டு, பையன்கள் தமிழை மட்டும் படித்துவிட்டு ஆங்கிலத்தைப் படித்ததாக நடிப்பார்கள், தமிழ்ப் பக்கத்தின் மேல் கல்யாணப் பத்திரிகை அட்டையை வைத்துவிடுவேன்.

கிராஃபிக் நாவலில்தான், அதாவது படக்கதையாக வரைந்த புத்தகத்தில்தான், நான் ஜெயித்தேன், இல்லை, பாதி ஜெயித்தேன். நவயானா பதிப்பகம் 2011இல் வெளியிட்ட பீமாயனா, அம்பேத்கரின் சின்ன வயசு தாகத்திலிருந்து தொடங்கி வரைந்தது, வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்ட் பழங்குடி ஓவியர்கள். இதில் ஒரு நுணுக்கம் கற்றல் சிரமமுள்ள பிள்ளைகளுக்கென்றே செய்த மாதிரி அமைந்துவிட்டது. மென்மையாகப் பேசுகிறவர்களின் பேச்சுக் குமிழ் பறவை வடிவில் இருக்கும், குத்திப் பேசுகிறவர்களின் குமிழுக்குத் தேள் கொடுக்கு வால் இருக்கும். ஒரு சொல்லைக் கூடப் படிக்கும் முன்பே இவன் கெட்டதாக ஏதோ சொல்கிறான் என்று தெரிந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பையன் ஒருவனுக்குப் பேச்சின் தொனி பிடிபடாது, கிண்டலையும் பாராட்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வான். அவன் பக்கம் பக்கமாகப் புரட்டித் "தேள், தேள், பறவை" என்று எண்ணிக்கொண்டே போனான். அப்புறம் வகுப்பில் யாராவது ஏதாவது சொன்னால் "இது தேளா சார்?" என்று கேட்க ஆரம்பித்தான். பாதி ஜெயித்தேன் என்றது ஏன் என்றால், இந்தப் புத்தகத்தில் வழக்கமான கட்டங்கள் கிடையாது, படம் பக்கம் முழுக்கப் படர்ந்து கிடக்கும், எந்தக் குமிழை முதலில் படிப்பது என்று டிஸ்லெக்சியா பிள்ளைகள் திணறினார்கள், பார்வை குறைந்த பெண்ணுக்கு ஏ3யில் கூடச் சரிவரவில்லை. பென்சிலால் குமிழ்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுத்த பிறகு பரவாயில்லை. புது புத்தகத்தில் கிறுக்கியதற்கு அக்காவிடம் திட்டு.

இங்கேதான் தூரம் உதவும் என்று சொன்னது. மகாராஷ்டிரத்தில் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுவனுக்குப் பள்ளியில் தண்ணீர் தரவில்லை என்று படித்தபோது, நம் ஊரில் என்ன நடக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வாயை மூடியிருப்பார்கள். கதை வேறு ஊரில் நடந்ததால் அவர்களாகவே இங்கே வந்து சேர்ந்தார்கள், டீக்கடை பெஞ்ச் வரைக்கும். பிள்ளைகளுக்குப் புத்தகம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் வெளியே பார்க்கும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் எழுதினார். எங்கள் அனுபவத்தில் நல்ல ஜன்னல் சாயங்காலமானால் கண்ணாடியாகிவிடுகிறது, உள்ளே விளக்கு போட்டதும் நம் முகம்தான் தெரியும்.

இலவசத்தில் ஸ்டோரிவீவர் என்ற இணையதளம் இருக்கிறது, பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015இல் தொடங்கியது. நாலு நிலைகளில் கதைகள், இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், வேறு நிலைக்கு மாற்றியும் எழுதலாம், உரிமம் அதற்கெல்லாம் அனுமதிக்கிறது. ஒரே குறை, பெரும்பாலானவை சின்னப் பிள்ளைகளுக்கானவை. மூன்றாவது, நாலாவது நிலையில் அறிவியல், தொழில், நிஜ மனிதர்கள் என்று வடிகட்டித் தேடினால் பெரிய பிள்ளைகளுக்கு ஆகும். உட்கார்ந்து தேடப் பொறுமை வேண்டும், செலவு ஜெராக்ஸ் மட்டும்.

கதையே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. இரண்டாவது ஆட்டிசம் பையனுக்குக் கதையில் நாட்டமே இல்லை, இல்லாத ஆள் பேசியதை நான் ஏன் படிக்க வேண்டும் என்ற முகம். அவனுக்கு பஸ். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வான். பேருந்து கால அட்டவணையை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தேன், கேள்விகளும் அதிலிருந்தே. அதுவும் ஆங்கில வாசிப்புதான், யாரும் வேறு மாதிரி சொல்லட்டும் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று, கடையில் கிடைக்காதது. அட்லஸால் யானையை மூடிய பையன் திரும்ப வந்தபோது நான் புத்தகம் எதுவும் கொடுக்கவில்லை. "நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்றேன். அவன் 2011இல் பிறந்தவன், அந்த டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையேறும்போது கைக்குழந்தை. அம்மா சொல்லக் கேட்டதைத் தமிழில் சொன்னான், நான் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதினேன். 'தி விண்ட் டுக் அவர் ரூஃப். மை மதர் ஹெல்ட் மீ. மை ஃபாதர் ஹெல்ட் தி டோர்.' மூன்று வாரத்தில் ஒரு பக்கம். அதை அவன் தடுமாறாமல் படித்தான், மனப்பாடமும் பாதி இருக்கும், இருக்கட்டும். பண்ருட்டிப் பக்கத்துப் பெண் தன் தாத்தாவின் முந்திரித் தோப்பு அதே புயலில் விழுந்ததைச் சொன்னாள். கிருமாம்பாக்கத்துப் பையன் பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டு அத்தையைப் பற்றி. பன்னிரண்டு பக்கம் சேர்த்து பின் அடித்து வைத்திருக்கிறோம். இதை வைத்து மட்டும் ஓட்டிவிடலாமா என்றால் முடியாது, சொந்தக் கதையில் புதுச் சொல் வராது, தெரியாத மனிதர்களும் வர மாட்டார்கள். ஆனால் தொடக்கத்துக்கு இதற்கு மேல் ஒன்றை நான் பார்க்கவில்லை.

வாங்கியது என்ன என்று கேட்டால்: பீமாயனா இரண்டு பிரதி, இருமொழிப் படப் புத்தகங்களில் மொய்னா மாதிரி வயசு தாங்குகிறவையாகப் பார்த்து பதினான்கு, வெளிர்மஞ்சள் தாள் ஐந்து ரீம், மீதி ஜெராக்ஸ் கடையில் கணக்கு. வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து அட்லஸ் பையனிடம் நீட்டினோம். தெரியாத சொல் எத்தனை என்று எண்ணுவது அக்கா வேலை. நான் பார்த்தது, புத்தகத்தை அவன் மேசையில் எந்தப் பக்கமாக வைக்கிறான் என்று.

பீமாயனாவில் ஒரு பிரதி இப்போது வகுப்பில் இல்லை. அவனுடைய அக்கா படிக்க எடுத்துக்கொண்டு போனாளாம், அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு. கேட்டால் "வரும் சார், வரும்" என்கிறான். மூன்றாவது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஜெராக்ஸ் கடைக்காரரிடம் இன்னும் அறுநூற்று நாற்பது ரூபாய் இருக்கிறது.